குடல் அழற்சியும் நுண்ணுயிர்க்கொல்லிப் பெப்டைட்டுகளும்: இறுதியாண்டு ஆய்வு எடுப்பவர்களுக்கு

குடல் அழற்சி நோய்க்கும், நுண்ணுயிர்களைக் கொல்ல உடலே சுரக்கும் சிறு புரதங்களான இந்தப் பெப்டைட்டுகளுக்கும் உள்ள தொடர்பை ஆய்வுத் தலைப்பாக எடுக்கும் மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஆய்வுகூடத்தில் அல்ல, முன்மொழிவு எழுதும்போதே. "அழற்சிக் குடல் நோயில் நுண்ணுயிர்க்கொல்லிப் பெப்டைட்டுகளின் பங்கு" என்று எழுதிவிட்டால் வேலை முடிந்ததுபோலத் தோன்றும். ஆனால் எந்தப் பெப்டைட், குடலின் எந்தப் பகுதி, முன்னோடி வடிவமா முதிர்ந்த வடிவமா என்ற மூன்றையும் முடிவு செய்யாமல் பிபெட்டைத் தொடக்கூடாது. வைவா எனும் வாய்மொழிப் பரீட்சையில் பரீட்சகர் முதலில் கை வைப்பதும் இங்கேதான்.

இடத்திலிருந்து தொடங்குங்கள். டிபென்சின்கள் இந்தப் பெப்டைட்டுகளின் ஒரு குடும்பம். அதில் ஆல்பா டிபென்சின்களான எச்டி-5, எச்டி-6 இரண்டும் சிறுகுடல் குழிகளின் அடியிலுள்ள பனெத் கலங்கள் எனும் சுரக்கும் கலங்களில் உருவாகின்றன. ஆரோக்கியமான பெருங்குடலில் பனெத் கலங்கள் அதன் ஆரம்பப் பகுதியில் மட்டும் கொஞ்சம் இருக்கும். இடப்பக்கப் பெருங்குடலில் அவை தென்பட்டால் அது நீண்டகால அழற்சியால் வந்த கலமாற்றம். ஆகவே பெருங்குடலைப் புண்ணாக்கும் அழற்சி நோயான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ள நோயாளியின் நேர்குடல் பயொப்சியில் எச்டி-5 பரம்பரையலகின் வெளிப்பாடு கூடியிருந்தால், "குடலின் பாதுகாப்பு அதிகரித்துள்ளது" என்று எழுதாதீர்கள். அங்கே இருக்கக்கூடாத கலம் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பீட்டா டிபென்சின்களில் முதலாவது எப்போதும் ஓரளவு சுரந்துகொண்டிருக்கும். இரண்டாவது, இன்டர்லூக்கின்-1 பீட்டா போன்ற அழற்சிச் சமிக்ஞை வந்தால் என்எஃப்-கப்பா-பி என்ற கலத்தின் உட்சமிக்ஞைப் பாதை வழியாகத் தூண்டப்படும். கதெலிசிடின் என்ற இன்னொரு குடும்பத்தின் மனிதப் பெப்டைட்டான எல்எல்-37, பெருங்குடலின் மேற்பரப்புக் கலப் படையான மேலணியிலும் உண்டு, நியூற்றோபில்கள் எனும் வெண்குருதிக் கலங்களிலும் உண்டு. அழற்சியுள்ள திசு முழுக்க நியூற்றோபில்கள் குவிந்திருக்கும்போது, மொத்தத் திசுவை அரைத்து அளந்து "மேலணியில் எல்எல்-37 கூடியது" என்று சொல்ல முடியாது. பெப்டைட் எந்தக் கலத்தில் உள்ளது என்று காட்டும் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி சாயமேற்றல் ஒன்றாவது துணைக்கு வேண்டும்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இதில் நடைமுறைக் கணக்கு ஒன்றும் உண்டு. கொழும்பு, கம்பஹா மாவட்ட மருத்துவமனைகளை வைத்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு லட்சம் பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் 5.3, குடலின் எப்பகுதியையும் தாக்கக்கூடிய அழற்சி நோயான கிரோன் நோய் 1.2 என்ற அளவிலேயே இருந்தன. சிறுகுடல் முடிவுப் பகுதியில் கிரோன் நோய் உள்ளவர்களை மட்டும் சேர்க்கத் திட்டமிட்டால், இறுதியாண்டு முடிவதற்குள் புள்ளிவிபரத்துக்குப் போதிய ஆட்கள் கிடைக்கமாட்டார்கள். அதோடு நம் பகுதியில் குடல் காசநோயைக் கிரோன் நோயிலிருந்து பிரித்தறிவதே சிரமம். அமீபா கொலைட்டிஸையும் விலக்க வேண்டும். பெருங்குடலை எடுத்துக்கொண்டு, பீட்டா டிபென்சின்-2 அல்லது எல்எல்-37 பற்றிக் கேள்வி அமைப்பதே எட்டக்கூடியது. மனித மாதிரி என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வரும் வரை ஒரு குழாயையும் நிரப்பக்கூடாது. தகவல் தாளும் சம்மதப் படிவமும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் தேவைப்படும். மொழிபெயர்ப்பைக் கடைசி வாரத்துக்கு வைத்தால் கூட்டத் திகதி தவறிவிடும்.

இலக்கிய மீளாய்வில் காரணமும் விளைவும்

பற்றீரியாவை உணரும் புரதம் ஒன்றுக்கான நொட்2 பரம்பரையலகு கிரோன் நோயோடு தொடர்புடையது என்பது 2001இல் தெரியவந்தது. பனெத் கலங்களில் நொட்2 வெளிப்படுவதால், "பற்றீரியாவை உணரும் திறன் குறைகிறது, டிபென்சின் குறைகிறது, நுண்ணுயிர்கள் மேலணியை நெருங்குகின்றன, அழற்சி வருகிறது" என்ற சங்கிலி எழுந்தது. 2005இல் வந்த ஜேர்மன் குழுவின் ஆய்வு சிறுகுடல் கிரோன் நோயில் ஆல்பா டிபென்சின்கள் குறைந்திருப்பதைக் காட்டி இதற்கு வலுச் சேர்த்தது. 2008இல் அவுஸ்திரேலியக் குழு ஒன்று எதிர்க்கருத்து வைத்தது: அந்தக் குறைவு நொட்2 மாற்றத்தோடு அல்ல, அழற்சியின் அளவோடுதான் பொருந்துகிறது, மேலணி உதிர்ந்த இடத்தில் டிபென்சினும் குறைவாகத்தான் இருக்கும்.

இந்த விவாதத்தை ஒரு பக்க வாதமாக எழுதி முடிக்கும் மீளாய்வுகள் புள்ளி இழக்கின்றன. அதிலிருந்து உங்கள் வடிவமைப்புக்குக் கிடைப்பது இதுதான்: அழற்சியுள்ள இடம், அதே நோயாளியின் அழற்சியற்ற இடம், நோயற்ற ஒப்பீட்டாளர் என மூன்றிலும் மாதிரி எடுங்கள். வெளிப்பாட்டை வில்லின் போன்ற மேலணிப் பரம்பரையலகோடு ஒப்பிட்டுச் சீராக்குங்கள். வழக்கமான ஒப்பீட்டுப் பரம்பரையலகான கிளிசரால்டிஹைட் பொஸ்பேற்று டிஹைட்ரஜனேஸ் ஒன்றை மட்டும் நம்பினால், அழற்சியில் அதுவே ஏறி இறங்குவதால் கணக்குக் கோணலாகும். இன்னொன்று: நொட்2இன் பிரபலமான மூன்று மாற்றங்களும் ஐரோப்பிய வம்சாவழியினரிடம் கண்டவை, கிழக்காசியரிடம் ஏறக்குறைய இல்லாதவை. அவற்றை நம் நோயாளிகளிடம் தேடுவதாக முன்மொழிந்தால் ஏன் என்று முதலில் நியாயம் சொல்ல வேண்டும்.

நமக்கு அருகிலிருந்து வந்த வேலையை மறந்துவிடாதீர்கள். இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஷிகெல்லா பற்றீரியாத் தொற்றின் தொடக்கத்தில் நேர்குடலில் எல்எல்-37உம் பீட்டா டிபென்சின்-1உம் அடங்கிப்போவதை டாக்காவிலும் சுவீடனிலும் இருந்த குழுக்கள் 2001இல் காட்டின. 2006இல் ஷிகெல்லா தொற்றிய முயல்களுக்கு பியூட்டிரேற்று என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பமில உப்பைக் கொடுத்தபோது, எல்எல்-37க்கு இணையான முயல் பெப்டைட் மீண்டும் மேலணியில் தோன்றியது, நோயும் தணிந்தது. தொற்று மிகுந்த தெற்காசியாவிலிருந்து எழுதுபவருக்கு, ஐரோப்பிய கிரோன் ஆய்வுகளைவிட இது உறுதியான தொடக்கம்.

பெப்டைட்டைக் கையாளுதல்

பெரும்பாலான எண் பிழைகள் இங்கேதான் நடக்கின்றன. குப்பியில் "தூய்மை 95 சதவீதம்" என்று இருந்தால், அது மற்றப் பெப்டைட்டுகளோடு ஒப்பிட்ட தூய்மை மட்டுமே. தூளில் டிரைபுளோரோஅசற்றேற்று உப்பும் ஈரமும் சேர்ந்திருக்கும். பகுப்பாய்வுச் சான்றிதழில் தேறிய பெப்டைட் அளவு என்ற எண்ணைத் தேடுங்கள். எல்எல்-37இன் மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 4493. 1 மில்லிகிராம் தூளில் தேறிய அளவு 75 சதவீதம் என்றால் உண்மையில் இருப்பது 0.75 மில்லிகிராம், 1 மில்லிமோலார் கரைசலுக்கு 167 மைக்ரோலீற்றர் போதும். இதைக் கவனியாமல் 223 மைக்ரோலீற்றர் ஊற்றினால், உங்கள் 1 மில்லிமோலார் உண்மையில் 0.75தான். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு செறிவும் அதே பிழையைச் சுமக்கும்.

டீப் ப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறக்காதீர்கள். உலர்த்தியில் வைத்து அறை வெப்பநிலைக்கு வந்தபின் திறவுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் குளிர்ந்த தூள் கணத்தில் நீர் குடித்துவிடும். கரைத்ததும் சிறு பங்குகளாகப் பிரித்து உறையவைத்து, ஒரு பங்கை ஒரு தடவை மட்டும் பாவியுங்கள்.

நேரேற்றமுள்ள இந்தப் பெப்டைட்டுகள் பொலிஸ்டைரீன் சுவரில் ஒட்டிக்கொள்ளும். குறைந்தபட்ச ஒடுக்கற் செறிவை (பற்றீரியா வளர்ச்சியைத் தடுக்கப் போதுமான மிகக் குறைந்த செறிவை) சாதாரணப் பொலிஸ்டைரீன் தட்டில் அளந்தால், பெப்டைட்டின் ஒரு பங்கு பிளாஸ்டிக்கில் போய், செறிவு உண்மையைவிடக் கூடுதலாக வரும். பொலிப்ரொப்பிலீன் 96 குழித் தட்டையே எடுங்கள். 0.01 சதவீத அசற்றிக் அமிலமும் 0.2 சதவீத மாட்டு அல்புமினும் கொண்ட கரைசலில் பத்து மடங்குச் செறிவில் இரண்டு மடங்குத் தொடர் ஐதாக்கம் செய்து, குழிக்கு 11 மைக்ரோலீற்றர் இடுங்கள். அதன் மேல் மியூலர்-ஹின்டன் ஊடகத்தில் ஏறத்தாழ 5 லட்சம் பற்றீரியா ஒரு மில்லிலீற்றருக்கு வரும்படி ஐதாக்கியதில் 100 மைக்ரோலீற்றர். 37 பாகை, 18 முதல் 24 மணித்தியாலம். தொடக்கக் கலவையை அகாரில் பரப்பி எண்ணிப் பார்க்காவிட்டால் அந்த 5 லட்சம் வெறும் ஊகம்.

உப்பு இன்னொரு பொறி. பல டிபென்சின்கள் 10 மில்லிமோலார் பொஸ்பேற்றுத் தாங்கற்கரைசலில் சிறப்பாகக் கொல்லும், 150 மில்லிமோலார் சோடியம் குளோரைட்டில் அடங்கிவிடும். ஒரு கட்டுரையின் எண்ணை உங்கள் எண்ணோடு ஒப்பிடுமுன் இருவரின் ஊடகத்தையும் பாருங்கள். இரண்டு நிலைகளிலும் செய்து அறிக்கையிடுவது நேர்மையானது.

புரதத்தை ஜெல்லில் பிரித்துப் பட்டையாகக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளொட் செய்பவர்களுக்குச் சுருக்கமாக: 4 கிலோடால்டன் பெப்டைட்டுக்கு டிரைசீன் ஜெல்லும் 0.2 மைக்ரோமீற்றர் துளையுள்ள மென்சவ்வும் வேண்டும். 0.45இல் அது ஊடுருவிப் போய்விடும். பட்டை வராததை "வெளிப்பாடு இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். எலைசா கிட் என்றால், அந்தப் பிறபொருளெதிரி முதிர்ந்த எல்எல்-37ஐ மட்டும் பிடிக்கிறதா, 18 கிலோடால்டன் முன்னோடியையும் பிடிக்கிறதா என்று கேட்டறியுங்கள். எச்டி-5க்கும் இது பொருந்தும்: மனிதரில் அது முன்னோடியாகச் சேமிக்கப்பட்டு, டிரிப்சினால் வெட்டப்பட்டே செயற்படும். சுண்டெலியில் அதே வேலையை மேட்ரிலைசின் என்ற வேறு நொதியம் செய்கிறது.

கல வளர்ப்பில் அழற்சியை அளக்கும்போது

"எல்எல்-37 அழற்சியைக் குறைக்கிறது" என்ற முடிவு மிக எளிதாகக் கிடைக்கும், மிக எளிதாகத் தவறாகவும் இருக்கும். இந்தப் பெப்டைட், அழற்சியைத் தூண்டுவதற்கு இடும் பற்றீரியாச் சுவர்ப் பொருளான லிப்போபொலிசக்கரைட்டை நேரடியாகவே பிடித்துக்கொள்ளும். இரண்டையும் ஒன்றாக ஊற்றி கலம் சுரக்கும் அழற்சிச் சமிக்ஞையான இன்டர்லூக்கின்-8 குறைந்தால், கலத்தின் சமிக்ஞை மாறியதா, தூண்டி கிண்ணத்திலேயே செயலிழந்ததா என்று தெரியாது. மூன்று வரிசைகள் வையுங்கள்: பெப்டைட் முதலில் இட்டுக் கழுவிப் பின் தூண்டி, தூண்டி முதலில் இட்டுக் கழுவிப் பின் பெப்டைட், இரண்டும் ஒன்றாக. நான்காவதாக, இன்டர்லூக்கின்-1 பீட்டா மாதிரி வேறு தூண்டி ஒன்று. மனிதப் பெருங்குடற் கலத் தொடரான கக்கோ-2 கலங்கள் லிப்போபொலிசக்கரைட்டுக்கு மந்தமாகவே பதிலளிப்பதால் இது இன்னும் அவசியம். உயர்ந்த செறிவில் பெப்டைட் மனிதக் கலத்தையும் துளைக்கும். செத்த கலம் இன்டர்லூக்கின்-8 சுரக்காது, எனவே கலம் சிதைந்தால் வெளியேறும் லக்டேற்று டிஹைட்ரஜனேஸ் நொதியத்தின் கசிவையும் அதே தட்டில் அளவிடுங்கள்.

மலத்தில் கல்ப்ரொடெக்டின் அளப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: அது அழற்சிக் குறிகாட்டி மட்டுமல்ல, நாகத்தையும் மங்கனீசையும் பிடித்துவைத்து நுண்ணுயிர்களைப் பட்டினி போடும் புரதமும்கூட. வழக்கமான வெட்டெல்லை கிராமுக்கு 50 மைக்ரோகிராம். தொற்றும், ஐபுப்ரொபென் போன்ற வலிநிவாரணிகளும் அதை உயர்த்தும், ஆகவே வினாக்கொத்தில் மருந்துப் பட்டியல் கட்டாயம். கிட்டின் துண்டுப் பிரசுரம் சொல்லும் "அறை வெப்பநிலை" குளிரூட்டி இல்லாத நம் அறையின் வெப்பநிலை அல்ல. மாதிரியை 4 பாகையில் கொண்டுவரச் செய்யுங்கள்.

எலி மாதிரி

டெக்ஸ்ட்ரான் சல்பேற்று சோடியம், குறுகிய பெயர் டிஎஸ்எஸ், குடிநீரில் 2 முதல் 3 சதவீதம், 5 முதல் 7 நாள்: எளிது, மலிவு, பெருங்குடலைத் தாக்கும். அதனாலேயே சிறுகுடல் பனெத் கலக் கேள்விக்கு அது பொருந்தாது. திசுவில் எஞ்சும் டிஎஸ்எஸ் ஆர்என்ஏயோடு வந்து பிசிஆரைத் தடுக்கும். நோயுற்ற குழுவில் எல்லாப் பரம்பரையலகும் "குறைந்தது" போலத் தோன்றினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். லித்தியம் குளோரைட்டால் மீண்டும் சுத்திகரித்தால் சரியாகும்.

வைவாவில் இந்தப் பகுதியில் வரக்கூடிய கேள்வி: விற்றமின் டி கொடுத்தால் எலியில் கதெலிசிடின் கூடுமா? கூடாது. அந்தத் தூண்டலுக்கான இணைப்பிடம் அலு என்ற மீள்வரிசையோடு வந்தது, அது விலங்கினங்களில் மனிதனும் குரங்குகளும் அடங்கிய பிரிமேற்றுகளிலேயே உண்டு. சுண்டெலியின் நியூற்றோபிலிலும் டிபென்சின் இல்லை. விற்றமின் டியையும் எல்எல்-37ஐயும் சேர்த்துக் கருதுகோள் அமைத்திருந்தால், எலிக்குப் பதிலாக மனிதக் கலத் தொடரையோ பயொப்சியையோ தேர்ந்தெடுத்த காரணத்தை முறையியல் அத்தியாயத்திலேயே எழுதிவிடுங்கள்.