ஃபிரேம் லாக்: தட்டினால் நழுவிய பூட்டு இப்போது நிற்கிறது

ஒருவழியாக இந்த மடக்குக் கத்தியின் ஃபிரேம் லாக் சரியாக உட்கார்ந்துவிட்டது. கைப்பிடித் தகட்டிலேயே வெட்டிய ஒரு பட்டை (லாக் பார்), அலகின் அடிப்பகுதிக்கு (டேங்) பின்னால் வந்து நின்று கத்தி மூடாமல் தடுக்கும் பூட்டு இது. எடை தொங்கவிட்டால் அசையாமல் நின்ற பூட்டு, அலகின் முதுகில் மரச்சுத்தியால் லேசாகத் தட்டியதுமே நழுவிக்கொண்டிருந்தது. எடை மெதுவாக ஏறும்போது லாக் பாரும் டேங்கும் விடாமல் அழுத்திக்கொண்டிருக்கும், உராய்வு பிடித்துக்கொள்ளும். தட்டும்போது பார் எகிறி ஒரு கணம் அழுத்தம் விட்டுப்போகும், சறுக்கல் அப்போதுதான். அதனால் ஒரு சோதனையில் தேறியதை வைத்து இன்னொன்றிலும் தேறும் என்று நம்ப முடியாது.

இதற்குப் பாரின் தடிமனைக் கூட்டுவது வீண் வேலை. கிரேடு 5 டைட்டானியம், 3.5 மி.மீ., வளைவுக்காக மெலிதாக்கிய இடத்தில் 1.3 மி.மீ. அதில் ஒரு குறையும் இல்லை. கோளாறு பூட்டு முகத்தில், அதாவது பாரும் டேங்கும் தொடும் இடத்தில்.

டேங் முகத்தின் சாய்வுக் கோணம் 8 டிகிரி. அதன் சரிவு 0.14. எஃகும் டைட்டானியமும் உலர்ந்த நிலையில் உரசும்போது உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.3, எனவே தாராளமாகத் தாங்க வேண்டும். 10 டிகிரியைத் தாண்டினால் இந்த இடைவெளி குறையும். பிவட்டுக்கு (அலகு சுழலும் அச்சு) விட்ட எண்ணெய் முகத்துக்கு வழிந்தால் இன்னும் மோசம். தட்டிப் பார்க்கும் முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் பார், டேங் இரண்டின் முகங்களையும் துடைத்தே ஆக வேண்டும். 6 டிகிரிக்குக் கீழே போனால் வேறு தொல்லை: பார் இறுகிக்கொள்ளும், முகம் 0.05 மி.மீ. தேய்ந்தாலே பார் அரை மி.மீ. உள்ளே நகர்ந்துவிடும்.

கோணம் சரி, எண்ணெய் இல்லை, ஆனாலும் நழுவுகிறது என்றால் எங்கே தொடுகிறது என்று பார்க்க வேண்டும். டேங் முகத்தில் மார்க்கர் பூசி, பத்துப் பதினைந்து முறை திறந்து மூடினால் தொடும் இடத்தில் மை உரிந்திருக்கும். இதில் உரிந்தது பிவட்டை ஒட்டிய மேல் மூலையில், குண்டூசித் தலை அளவுக்கு. தொடவேண்டிய இடம் அதற்கு நேர் எதிர், பிவட்டிலிருந்து மிகத் தள்ளியுள்ள கீழ்ப்பகுதி. கணக்கு எளிது: பிவட்டிலிருந்து 100 மி.மீ. தள்ளி 10 கிலோ தொங்கினால், 8 மி.மீ. தூரத்தில் தொடும் முகத்தின் மேல் 125 கிலோ விழும். தொடுமிடம் 5 மி.மீ.க்கு வந்தால் 200 கிலோ. அதோடு அலகின் மேல்கீழ் ஆட்டமும் சேர்ந்துகொள்ளும்.

டேங்கைத் தொடவில்லை. பாரின் முனையில் மேல் பாதியை மட்டும் ஊசி அரத்தால் 0.15 மி.மீ. இறக்கினேன். நான்கு இழுப்பு, மார்க்கர், மறுபடி நான்கு இழுப்பு. அவசரப்பட்டால் கோணமே மாறிவிடும், எடுத்த டைட்டானியத்தை ஒட்டவும் முடியாது. இப்போது கீழ்ப்பகுதியில் 2 மி.மீ. நீளத்துக்குச் சீரான கோடு. டேங்கின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு வரை பார் வந்து நிற்கிறது, தட்டினாலும் நகரவில்லை. தட்டும்போது கத்தியை வைஸில் பிடித்து, முனைக்கு டேப் சுற்றி, அலகு மூடும் வழியிலிருந்து விரல்களை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டேங் முகத்தைத் தீட்டுவதானால் தட்டையான வட்டில் உரசும் டிஸ்க் கிரைண்டர்தான். பெல்ட் கிரைண்டரின் சக்கரத்தில் வைத்தால் முகம் குழிந்து, பார் இரண்டு ஓரங்களில் மட்டும் உட்காரும். ஓரம் தேய்ந்ததும் ஆட்டம் ஆரம்பம்.

டைட்டானியத் தகடு வாங்குகிறவர்கள் மைக்ரோமீட்டரோடு வாங்குங்கள். 3.5 என்று எழுதி வருவது ஒரே துண்டில் 3.4 முதல் 3.6 வரை ஓடுகிறது, அது நேராக மெலிதாக்கும் அளவைக் கெடுக்கிறது.

ஒட்டுதல் மட்டும் இன்னும் போகவில்லை. பூட்டை விடுவிக்கும்போது பார் டேங்கில் பற்றிக்கொள்கிறது. பென்சில் கரி தேய்த்தால் கொஞ்ச நாள் ஓடும், அவ்வளவுதான். பாரின் முனையில் கடினப்படுத்திய எஃகுத் துண்டு ஒன்றை எம்2 (2 மி.மீ.) திருகால் பொருத்தப் போகிறேன். தேய்ந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். 0.05 மி.மீ. வித்தியாசத்தில் மூன்று தடிமன்களில் செய்து வைத்துக்கொண்டால், பார் எவ்வளவு உள்ளே வர வேண்டும் என்பதை அரம் பிடிக்காமலே சரிசெய்துகொள்ளலாம்.