ஒன்றரைப் பிக்சல் தொலைவில் இருந்த அயல் விண்மீன்

டெஸ் விண்வெளித் தொலைநோக்கியின் தரவில் வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளை, அதாவது ஒரு புறக்கோளைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பதினான்கு மாதங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். அது கோளே அன்று என்பது உறுதியாகி மூன்று வாரங்கள்தான் ஆகின்றன. காப்பகத் தரவை இறக்கி ஒளி வளைகோடு (விண்மீனின் ஒளி நேரத்தோடு மாறுவதைக் காட்டும் கோடு) வரைவது எப்படி என்பதற்குப் பயிற்சிப் பாடங்கள் நிறையவே கிடைக்கின்றன என்பதால் அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. வளைகோட்டில் ஒரு சரிவைக் கண்ட பிறகு வரும் மாதங்களில் நான் எங்கெல்லாம் இடறி விழுந்தேன் என்பதை மட்டும், ஆறாத எரிச்சலோடு, இங்கே எழுதி வைக்கிறேன்.

தொடக்கம் சுமுகமாகவே இருந்தது. 2018-19 காலத்தில் ஒரு செக்டரில் (டெஸ் ஒரு முறையில் பார்க்கும் வானப் பகுதி) இரண்டு நிமிட இடைவெளியில் பதிவான ஒரு விண்மீனின் தரவை ஒரே மாலையில் இறக்கி, சீராக்கி, சரிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்படி மடித்துப் பார்த்துவிட்டேன். ஏறத்தாழ 27 நாள் தரவில் 4.2 நாளுக்கு ஒரு முறை ஆறு சரிவுகள் இருந்தன. ஒவ்வொன்றும் 1 சதவீத ஆழமும் இரண்டரை மணி நேர நீளமும் கொண்டிருந்தது. சூரியனை வியாழன் கடப்பதைத் தொலைவிலிருந்து பார்த்தாலும் ஒளி ஏறக்குறைய 1 சதவீதம்தான் குறையும் என்பதால், என் மனம் அங்கேயே முடிவு கட்டிவிட்டது. ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீனாக இருந்தால் அடுத்தடுத்த சரிவுகளின் ஆழம் வேறுபடக்கூடும் என்பதால், ஒற்றைப்படைச் சரிவுகளையும் இரட்டைப்படைச் சரிவுகளையும் தனித்தனியே மடித்து ஒப்பிட்டேன். ஆழத்தில் வேறுபாடு இல்லை. சரிவின் அடிப்பகுதி தட்டையாக இல்லாமல் சற்றே ‘வி’ வடிவில் இருந்தது உண்மை. கோள் விண்மீனின் விளிம்பை உரசிச் செல்கிறது போலும் என்று அதற்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த கட்டம், தரையிலுள்ள ஒரு சிறிய தொலைநோக்கியில் அந்தக் கடப்பை மீண்டும் பார்ப்பது. நேரம் கேட்டு அனுப்பிய விண்ணப்பத்துக்கு ஒன்பது நாள் கழித்து, “படிவம் முழுமையாக இல்லை” என்ற ஒற்றை வரி பதிலாக வந்தது. எந்தக் கட்டம் முழுமையாக இல்லை என்ற குறிப்பு அதில் இல்லை. நிலவிலிருந்து விண்மீன் எத்தனை பாகை தள்ளியிருக்கிறது என்பதைச் சேர்த்து அனுப்பினேன், திரும்பி வந்தது. கடப்பு நேரம் முழுவதும் விண்மீன் அடிவானத்துக்கு மேல் 30 பாகைக்குக் குறையாமல் இருக்கும் என்பதற்கான வரைபடத்தை இணைத்தேன். மறுபடியும் திரும்பி வந்தது. நான் தேதியை உலகப் பொது நேரப்படி எழுதியிருந்தேன். அவர்களுக்கோ இரவு தொடங்கும் மாலையின் தேதி தேவைப்பட்டது. சிக்கல் இவ்வளவுதான் என்பது நானே தொலைபேசியில் அழைத்துக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. ஒருவேளை அவர்கள் என் தேதியை அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தால் ஒரு நாள் தவறிப் போய் நின்றிருப்பேன் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். விண்ணப்பத்தில் தேதியை இரண்டு முறைகளிலும் எழுதுங்கள், கூடவே ஜூலியன் நாளையும் (வானியலில் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் எண்) குறிப்பிடுங்கள். அந்த எண்ணைச் சுருக்கும்போதும் கவனம் தேவை: திருத்திய ஜூலியன் நாளுக்குக் கழிக்க வேண்டிய எண் 2400000.5. அந்த அரை நாளை விட்டுவிட்டால், நள்ளிரவுக் கடப்பு நண்பகலுக்குப் போய்விடும்.

கடைசியில் இரவு கிடைத்தது, வானமும் தெளிவாக இருந்தது. கணித்த நடுநேரத்துக்கு இரண்டு மணி முன்பு தொடங்கி இரண்டு மணி பின்பு வரை படமெடுத்தேன். வளைகோடு மேசைப் பலகை போலத் தட்டையாக வந்தது. கருவியில் கோளாறா, மேகம் ஏதும் கடந்ததா, தவறான விண்மீனைக் குறிவைத்துவிட்டேனா என்று இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். காரணம் சாதாரணமான பெருக்கல் கணக்கில் இருந்தது. ஆறு கடப்புகளைக் கொண்டு நான் கண்ட சுற்றுக்காலத்தின் பிழை 0.0005 நாள், அதாவது முக்கால் நிமிடத்துக்கும் குறைவு. ஆனால் அந்தத் தரவு பதிவாகி மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன; இடையில் ஏறத்தாழ 260 சுற்றுகள் நடந்திருந்தன. சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போன பிழை மூன்று மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. சுற்றுக்காலத்தை ஐந்து தசம இடத்துக்கு எழுதி மகிழ்ந்த நான், பிழையைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கிப் பார்க்கவே இல்லை.

இதில் என்னை இன்னும் உறுத்துவது, தேவையான தரவு அப்போதே காப்பகத்தில் இருந்தது என்பதுதான். டெஸ் 2020-21 இல் அதே வானப் பகுதிக்குத் திரும்பியிருந்தது. ஆனால் அம்முறை என் விண்மீன் இரண்டு நிமிடப் பட்டியலில் இடம்பெறவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒன்றாகப் பதிவான முழுச்சட்டகப் படங்களில் (கேமராவின் முழுப் பார்வைப் பரப்பையும் காட்டும் படங்கள்) மட்டுமே இருந்தது. ஆயத்த வளைகோடுகளை மட்டும் தேடியதால் அது என் கண்ணில் படவில்லை. முழுச்சட்டகப் படங்களிலிருந்து நானே ஒளியை அளந்து, இரண்டு காலகட்டத் தரவையும் இணைத்த பிறகு கணித்த நேரத்தின் பிழை சில நிமிடங்களாகச் சுருங்கியது. நான் போன அந்த இரவின் சரிவு, தொலைநோக்கியைத் திறப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே முடிந்துவிட்டிருந்தது.

திருத்திய கணிப்போடு இரண்டாம் முறை போனபோது சரிவு கணித்த நேரத்தில் வந்தது. வந்த இடம்தான் வேறு. என் விண்மீனின் ஒளி அசையவே இல்லை. அதிலிருந்து 30 விகலை (ஒரு விகலை என்பது பாகையின் 3600-இல் ஒரு பங்கு) தள்ளியிருந்த மங்கலான அயல் விண்மீன் 40 சதவீதம் மங்கி மீண்டது. எந்தக் கோளாலும் ஒரு சாதாரண விண்மீனின் ஒளியை அந்த அளவுக்கு மறைக்க முடியாது. அங்கே இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருந்தன.

கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. அயல் விண்மீன் என் விண்மீனைவிட 4 பொலிவெண் (விண்மீனின் ஒளியைக் குறிக்கும் அளவு) மங்கலானது, அதாவது அதன் ஒளி நாற்பதில் ஒரு பங்கு. நாற்பதில் ஒரு பங்கின் 40 சதவீதம் என்பது மொத்த ஒளியில் 1 சதவீதம். ஒற்றைப்படை, இரட்டைப்படைச் சோதனையில் அது தேறியதற்கும் விளக்கம் கிடைத்துவிட்டது: இரண்டு விண்மீன்களும் ஏறத்தாழ ஒத்தவையாக இருந்தால் மாறிமாறி வரும் மறைப்புகளும் ஒரே ஆழத்தில்தான் இருக்கும், உண்மையான சுற்றுக்காலம் 4.2 நாள் அன்று, 8.4 நாள்.

டெஸ்ஸின் ஒரு பிக்சல் 21 விகலை அகலம் கொண்டது; அருகருகே உள்ள விண்மீன்களின் ஒளி அதில் ஒன்றாகக் கலந்துவிடும். வானத்தின் ஒரே பகுதியை நான்கு ஆண்டுகள் உற்றுப் பார்த்த கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியின் பிக்சல் ஏறத்தாழ 4 விகலைதான். ஏறக்குறைய முழு வானத்தையும் பார்க்க வேண்டும் என்பதற்காக டெஸ் கொடுக்கும் விலை இது. எனக்கு இது தெரியாமல் இல்லை. படித்திருக்கிறேன், ஒரு கருத்தரங்கில் அதைப் பற்றிப் பேசவும் செய்திருக்கிறேன். என் சொந்தச் சரிவு என்று வந்தபோது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை. விண்மீன்களின் இடத்தையும் ஒளியையும் அளந்த கையா விண்கலத்தின் அட்டவணையைத் திறந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். விண்மீனைச் சுற்றி இரண்டரைக் கலை (150 விகலை) தொலைவுக்குள் இருக்கும் எல்லா விண்மீன்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். முழுவதுமாக அணைந்துபோனாலும் உங்கள் சரிவை உண்டாக்க முடியாத அளவுக்கு மங்கியவற்றை மட்டும் நீக்குங்கள். 1 சதவீதச் சரிவுக்கு அந்த எல்லை 5 பொலிவெண் வேறுபாடு, அதாவது நூறில் ஒரு பங்கு ஒளி. மீதமிருப்பவை அனைத்தும் சந்தேகப் பட்டியலில் இருக்க வேண்டியவை. அடுத்து, சரிவுக்கு வெளியே எடுத்த படங்களின் சராசரியிலிருந்து சரிவின்போது எடுத்தவற்றின் சராசரியைக் கழித்துப் பாருங்கள். எங்கே ஒளி குறைந்ததோ அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும். நான் இதைச் செய்தபோது, என் விண்மீனுக்கு ஒன்றரைப் பிக்சல் தள்ளி ஒரு புள்ளி பளிச்சென்று நின்றது. பதினான்கு மாதங்களாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

சில சில்லறை எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். டெஸ் தரவின் நேரம் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்தில் நின்று அளப்பது போலத் திருத்தப்பட்டது. தரைக் கடிகாரத்தோடு நேரடியாக ஒப்பிட்டால் எட்டு நிமிடத்துக்கும் மேல் வேறுபாடு வரலாம். அதற்குமேல், உலகப் பொது நேரத்துக்கும் டெஸ் தரவு பயன்படுத்தும் நேர அளவைக்கும் இடையே 2017 முதல் 69 விநாடி இடைவெளி இருக்கிறது. செக்டரின் நடுவில் தரவு நின்றுபோகும் இடத்தின் ஓரங்களிலும், புவியின் அல்லது நிலவின் சிதறிய ஒளி புகும் நாட்களிலும் தென்படும் சரிவுகளை நம்பாதீர்கள்.

இப்போது வேறொரு விண்மீனில் வேலை செய்கிறேன். சரிவு 0.6 சதவீதம், இரண்டாண்டு இடைவெளியுள்ள மூன்று செக்டர்களில் தரவு கிடைக்கிறது, கழித்தல் படத்தில் புள்ளி விண்மீனின் மீதே விழுகிறது. சென்ற வாரம் தரையிலிருந்து பார்த்தபோது, கணித்ததிலிருந்து நான்கு நிமிடம் மட்டும் விலகிச் சரிவு தொடங்கியது. சந்தேகப் பட்டியலிலிருந்த பதினொரு அயல் விண்மீன்களும் அசையாமல் இருந்தன. ஆனாலும் அதைக் கோள் என்று இன்னும் சொல்லவில்லை. ஆரத்திசைவேகம் (விண்மீன் நம்மை நோக்கியும் நம்மைவிட்டு விலகியும் நகரும் வேகம்) அளந்து நிறை தெரிந்த பிறகே சொல்ல முடியும். அதற்கான விண்ணப்பத்தை முந்தாநாள் அனுப்பினேன், தேதியை மூன்று விதமாக எழுதி. இன்று காலை பதில் வந்தது: படிவத்தில் ஒரே ஒரு தேதி மட்டும் இருக்க வேண்டுமாம்.