காந்தள் குருசடியில் அம்மாவின் நேர்ச்சை

பக்கவாதம் வந்து நான் ஐசியூவில் கிடந்த ராத்திரியில் அம்மா நேர்ந்துகொண்டது இது. பிள்ளை பிழைத்தால் ஊட்டி காந்தள் குருசடிக்குக் கூட்டிவந்து திருச்சிலுவையை முத்தி செய்ய வைக்கிறேன் என்று. இயேசுவை அறைந்த சிலுவையின் சிறு துண்டு என்று நம்பப்படும் அருளிக்கம் அந்தச் சிலுவைக் கோயிலில் இருக்கிறது; அதை முத்தமிடுவதைத்தான் முத்தி செய்வது என்போம். பிழைத்தேன். பேச்சும் வந்துவிட்டது. வலது கை மட்டும் வரவில்லை, வலது காலை இழுத்துத்தான் நடக்கிறேன். முழுசாகக் குணமானதும் போகலாமே என்றேன். "சாமிகிட்ட கணக்குப் பார்ப்பாங்களா கண்ணு?" என்று அம்மா பையை எடுத்துவிட்டார்.

திருச்சிலுவைக்குத் திருச்சபைக் காலண்டரில் செப்டம்பர் 14தான் திருநாள். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் தாய் புனித ஹெலெனா சிலுவையைக் கண்டெடுத்ததாக மே 3-இல் கொண்டாடிய பழைய விழாவை 1960-இல் பொதுக் காலண்டரிலிருந்து எடுத்தாகிவிட்டது. காந்தளில் அந்த மே 3 திருவிழாவை விடவில்லை. அதுவும் மே மாதத்து ஊட்டி! நாங்கள் போன 2025-இல் மே 3 சனிக்கிழமை வேறு. அந்த சீசனில் வார இறுதியில் நாளைக்கு 8,000 வண்டிகள்தான் நீலகிரிக்குள் வரலாம் என்று கோர்ட் உத்தரவு இருந்தது. அத்தனையும் எங்கள் பஸ்ஸுக்கு முன்னால்தான் போயிற்று போலிருக்கிறது. பர்லியாறு தாண்டியதும் நின்று நின்று ஊர்ந்தது. அம்மா ஜெபமாலையைக் கீழே வைக்கவே இல்லை. ஊட்டியில் இறங்கினால், ஆட்டோக்காரர் என் காலைப் பார்த்துத்தான் ரேட்டே சொன்னார். கேட்டால், "திருவிழா நாளுங்க" என்கிறார். கோயில் பக்கம் மெழுகுவர்த்தி விற்கிறவர்கள் சட்டையைப் பிடிக்காத குறை.

வரிசை என்று பெயர்தான். நெற்றியில் திருநீறோடு நின்றவர்களும் முண்டியடித்தார்கள், நம் ஆட்களும் முண்டியடித்தார்கள். கைத்தடி வேண்டாம் என்று நான் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். அம்மா தோளைப் பிடிக்கச் சொன்னதற்கும் மாட்டேன் என்றேன். யாரையாவது பிடித்துக்கொண்டு நடப்பது எனக்கு ஆகாது. இன்னொன்றும் உண்டு: வலது கை எழும்பாததால் கோயிலில் நான் சிலுவை அடையாளமே போடுவதில்லை. இடது கையால் போடக் கூச்சம்.

என் முறை வந்தது. சாமியார் அருளிக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டு நீட்டினார். குனிந்தேன். வலது முழங்கால் மடங்கிவிட்டது. பின்னாலிருந்து ஒரு கை என் அக்குளுக்குள் நுழைந்து அப்படியே தாங்கியது. "நல்லா சாஞ்சுக்கங்கண்ணா, ஒண்ணும் ஆகாது." தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பொண்ணு, விரல் ரேகையெல்லாம் தேயிலைக் கறை. முழு பாரத்தையும் போட்டுச் சாய்ந்தேன், வேறு வழி? அவள் அசையவில்லை. சாமியாரும் அவசரப்படாமல் அருளிக்கத்தை என் உதட்டுவரை இறக்கினார். அம்மா என் வலது கையைத் தூக்கி, சின்ன வயதில் போட்டுவிட்டதைப் போலவே நெற்றியில், நெஞ்சில், இரண்டு தோளிலும் வைத்துச் சிலுவை போட்டுவிட்டார். வாய்விட்டு அழுதேன்.

தன் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி புனித பவுல் மூன்று முறை மன்றாடினார். ஆண்டவர் எடுக்கவில்லை, என் அருள் உனக்குப் போதும் என்றார். எத்தனையோ பூசையில் கேட்ட வாசகம்தான். கேட்டதைக் கொடுக்காததற்குச் சொல்கிற சமாதானம் என்றே நினைத்திருந்தேன். தவக்காலம் தவறாமல், ஆண்டவரின் பாடுகளை நிலை நிலையாக நினைத்து ஜெபிக்கிற சிலுவைப்பாதைக்குப் போகிறவன், ஐந்தாம் நிலையில் சிலுவையைச் சுமக்கச் சீரேனே ஊர் சீமோன் தோள் கொடுக்கும்போது ஆண்டவர் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதை ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. இறைமகனுக்கே ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கிறது. எனக்கு என்ன வந்தது?

அதற்குப் பிறகு பார்த்தது எதுவும் சரியாக நினைவில்லை, தேர்பவனி பற்றிக் கேட்காதீர்கள். கூட்டம் தள்ளியதில் அந்தத் தங்கச்சிக்கு நன்றிகூடச் சொல்ல முடியவில்லை. ஆண்டவரே, அவள் குடும்பத்தை நீர் பார்த்துக்கொள்ளும். அம்மாவுக்கு நல்ல சுகம் கொடும். வழியில் திட்டிக்கொண்டே வந்தேனே, அந்த ஆட்டோக்காரருக்கும் ஒரு குறை வைக்காதேயும். உமக்குக் கோடி நன்றி.

கை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஞாயிறு பூசையில் இப்போது இடது கையால் சிலுவை போடுகிறேன். பீடச் சிறுவர்கள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.