யசோத்தோன் நாட்குறிப்பு, 2020

மார்ச் 24, செவ்வாய்

கொரோனாவால் பாங்காக்கில் ஞாயிற்றுக்கிழமை முதல் கடைவளாகங்கள் மூடல். ஓட்டல்களில் பார்சல் மட்டும்தான். வேலை போனபிறகு அங்கே வாடகை கொடுத்துக்கொண்டு யாரால் உட்கார்ந்திருக்க முடியும்? மோ சிட் பேருந்து நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு கூட்டம் அலைமோதுவதை டிவியில் காட்டினார்கள்.

நான் ஆசிரியையாக இருப்பது வடகிழக்குத் தாய்லாந்தின் யசோத்தோன் மாகாணத்துக் கிராமம் ஒன்றில். நான் குடியிருக்கும் வீட்டுக்காரப் பாட்டியை ஊரே ‘யாய்’ என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே. அவருடைய மகள் பாங்காக்கில் ஒரு தங்கும் விடுதியில் சலவை வேலை பார்த்தவள். இன்று விடியற்காலையில் வந்து இறங்கினாள். வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் யாய் வைத்திருந்த பாய், கொசுவலை, தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நேரே வயலுக்குப் போய்விட்டாள். வயல் நடுவே நாலு கால் நட்டு, தகரம் வேய்ந்த பரண் குடிசை உண்டு. நடவு சமயத்தில் மதியம் படுத்து எழுகிற இடம். இனி பதினான்கு நாள் அவளுக்கு அதுதான் வீடு.

அவளுடைய ஏழு வயது மகன் இங்கே யாயிடம்தான் வளர்கிறான். ஈசான் என்கிற இந்த வடகிழக்குப் பகுதியில் பல வீடுகளில் இதுதான் நிலைமை. அப்பா அம்மா பாங்காக்கில், பிள்ளைகள் பாட்டியிடம்.

மார்ச் 28, சனி

காலையில் எழுப்புவது சேவல் இல்லை, கிராமத் தலைவரின் ஒலிபெருக்கி. யார் வீட்டுக்கு வெளியூர் ஆள் வந்தாலும் உடனே சொல்ல வேண்டும், கோயிலில் கூட்டம் கூடாது, முகக்கவசம் கட்டாயம். நேற்று முன்தினத்திலிருந்து நாடு முழுக்க அவசரநிலை ஆணை வேறு.

ஆனால் ஒலிபெருக்கியில் சொன்னதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் சுகாதாரத் தன்னார்வலர்கள். ‘ஓ சோ மோ’ என்பார்கள். நாடு முழுக்கப் பத்து லட்சத்துக்கும் மேல். இங்கே பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய பெண்கள். எங்கள் தெருவுக்கு வருகிற அக்கா காலையில் சந்தையில் கீரை விற்றுவிட்டு, மோட்டார் சைக்கிளில் வெப்பமானியும் நோட்டுப் புத்தகமுமாகக் கிளம்பிவிடுவார். முதலில் வயல் குடிசை. வரப்பில் நின்றபடியே எட்டிக் கையை நீட்டி அவள் நெற்றிக்கு நேரே கருவியைப் பிடிப்பார். எண்ணைப் படித்து எழுதிக்கொள்வார். அப்புறம் உடனே கிளம்பிவிட மாட்டார். கொஞ்ச நேரம் நின்று பேசுவார். தனியாகக் கிடக்கிறவளுக்கு அந்தப் பேச்சு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று பார்த்தால்தான் தெரியும்.

இதற்கு அவருக்குக் கிடைப்பது மாதம் ஆயிரம் பாட். கிருமிக்கு நேரே முகத்தைக் காட்டுகிற வேலைக்கு அது கூலியே இல்லை. இதை எனக்குத் தெரிந்த எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

இன்றிரவு முதல் ஊரடங்கு, இரவு பத்து முதல் காலை நான்கு வரை. எட்டு மணிக்கே அடங்கிவிடுகிற ஊர் இது, பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அம்மா போன் செய்தாள். தமிழ்நாட்டில் பகலிலேயே யாரும் வெளியே வருவதில்லையாம். நாளை முதல் வெளிநாட்டிலிருந்து பயணிகள் விமானம் எதுவும் தாய்லாந்துக்கு வராது. அவளுக்கு அழுகை. என் விசாவுக்கு என்ன வழி என்றும் கேட்டாள், இன்னும் தெரியாது.

ஏப்ரல் 7, செவ்வாய்

பதினான்கு நாள் முடிந்தது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. தன்னார்வலர் அக்கா நோட்டில் கடைசி எண்ணை எழுதி, “போ, போய்ப் பிள்ளையைத் தூக்கு” என்றார். இத்தனை நாளும் பையன் வாய்க்கால் இந்தப் பக்கம், அம்மா அந்தப் பக்கம். தினமும் சாயங்காலம் அங்கே நின்று பள்ளிக்கூடப் பாட்டெல்லாம் பாடிக்காட்டுவான். இன்று ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டவன் சாப்பாட்டுக்குக்கூட விடவில்லை.

சாப்பாட்டு முறையும் மாறிவிட்டது. இங்கே ஒட்டரிசிச் சோற்றை மூங்கில் கூடையில் நடுவே வைத்து, எல்லோரும் கையால் கிள்ளி உருட்டிச் சாப்பிடுவதுதான் வழக்கம். அக்கா சொன்னபடி யாய் ஆளுக்கொரு சின்னக் கூடை வாங்கியிருக்கிறார். மிளகாய்த் துவையலுக்கும் பொதுக் கரண்டி. யாய்க்கு இது பிடிக்கவே இல்லை, ஆனால் ஒரு வேளைகூடத் தவறாமல் செய்கிறார்.

ஏப்ரல் 13, திங்கள்

தாய்லாந்துப் புத்தாண்டான சோங்கிரான் விடுமுறையைத் தள்ளி வைத்துவிட்டார்கள். தண்ணீர் வாரியிறைத்து விளையாடுவது கிடையாது, மது விற்பனைக்கும் தடை. மல்லிகை மிதக்கும் வாசனைத் தண்ணீரைப் பெரியவர்கள் உள்ளங்கையில் ஊற்றி ஆசி வாங்குவதுதான் இந்த நாளின் உயிர். மகள் முகக்கவசத்தோடு மண்டியிட்டு, கையை நீட்டி யாய் கையில் ஊற்றினாள். எங்கள் வீட்டில் அது ஒன்றுதான் நடந்தது. அதுவே போதுமென்றார் யாய்.

ஏப்ரல் 22, புதன்

இன்று ஊரில் இதே பேச்சு. யசோத்தோன் விவசாயிகள் தங்கள் அரிசியைத் தெற்கே புக்கெட் தீவுப் பக்கத்துக் கடலோடி மக்களுக்கு அனுப்புகிறார்கள். பதிலுக்கு அங்கிருந்து கருவாடு வருகிறது. சுற்றுலாப் பயணிகள் இல்லாமல் அவர்கள் பிடித்த மீனை வாங்க ஆளில்லை, அரிசி வாங்கக் கையில் காசில்லை. இங்கே குதிரில் நெல் இருக்கிறது, கடல் இல்லை. விமானப்படை விமானத்தில் ஏற்றிப் போகிறார்கள். பணமே புழங்காத இந்த ஏற்பாட்டை நினைக்க நினைக்க மனசு நிறைகிறது.

மே 4, திங்கள்

மகள் மாதம் ஐயாயிரம் பாட் நிவாரணத்துக்கு இணையத்தில் பதிந்திருந்தாள். பதில்: தகுதியில்லை. குடும்பம் விவசாயக் குடும்பம் என்று பதிவில் இருக்கிறதாம். வருஷம் முழுக்கப் பாங்காக்கில் படுக்கை விரிப்புகள் துவைத்தவளைக் கணினி விவசாயி என்கிறது. மேல்முறையீடு செய்யப் படம் எடுத்து, பாரம் நிரப்பி, நானும் கூட உட்கார்ந்தேன். விவசாயிகளுக்குத் தனி நிவாரணம் வருகிறது என்கிறார்கள். ஆனால் அது வீட்டுக்கு ஒருவருக்குத்தான்.

அதுவரை காடுதான் சோறு போடுகிறது. முதல் மழைக்குப் பிறகு காளான். மாமரத்தில் முசுறு எறும்புக் கூடுகள். நீளக் கழியில் கட்டிய கூடையால் கூட்டைக் குத்தி உலுக்கி, விழுந்த முட்டைகளை மாவில் புரட்டினால் எறும்புகள் பிரிந்து ஓடிவிடும். வெள்ளை வெளேரென்று புளிப்பாக இருக்கும் அந்த முட்டைகளைக் குழம்பில் போடுவார்கள். சந்தையில் நல்ல விலை. அவள் விற்றும் வருகிறாள்.

மே 10, ஞாயிறு

இந்த மாதம் யசோத்தோன் முழுக்க வாணவேடிக்கையாக இருக்க வேண்டும். மூங்கிலிலும் குழாயிலும் வெடிமருந்து அடைத்த ராக்கெட்டுகளை விட்டு, வானத்துத் தெய்வம் பயா தேனிடம் மழை கேட்கிற புன் பாங் ஃபாய் திருவிழா. இந்த வருஷம் ரத்து. ராக்கெட் கேட்காவிட்டாலும் மழை வருமா என்று பையன் யாயிடம் கேட்டான். “தவளை கத்துதே, வரும்” என்றார்.

மே 13, புதன்

பதினொன்றரை மணி டிவி அறிக்கையில் அரசின் கொரோனா செய்தித் தொடர்பாளர் மருத்துவர் தவீசின் புதிய தொற்று பூஜ்யம் என்றார். மார்ச் 9க்குப் பிறகு இன்றுதான் முதல் முறை. மளிகைக் கடையில் கைதட்டினார்கள்.

மே 20, புதன்

பள்ளி திறப்பு ஜூலை 1க்குத் தள்ளிப்போனதால் திங்கள் முதல் தொலைக்காட்சியில் பாடம். யாய் வீட்டுப் பெட்டியில் படம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. பையன் பத்து நிமிடம் பார்த்துவிட்டு வாய்க்காலுக்கு ஓடிவிடுகிறான். ஏழு வயதுப் பிள்ளையை டிவி முன்னால் கட்டிப்போட்டுப் படிக்க வைக்க முடியாது, ஆசிரியையாக இதை உறுதியாகச் சொல்வேன். கோயில் சுவரோரம் ‘பகிர்வு அலமாரி’ வைத்திருக்கிறார்கள். முடிந்தவர் வைக்கலாம், தேவைப்பட்டவர் எடுக்கலாம். காலையில் முட்டை, மீன் டின், நூடுல்ஸ், சாயங்காலம் காலி, மறுநாள் திரும்ப நிறைகிறது.

ஜூன் 15, திங்கள்

ஊரடங்கு முற்றிலும் நீங்கியது. விடுதி இன்னும் மகளைக் கூப்பிடவில்லை. நாற்று தயாராகிறது, இந்தத் தடவை நடவு முடித்துவிட்டுத்தான் போவேன் என்கிறாள்.

ஜூலை 1, புதன்

பள்ளி திறந்தது. வாசலில் வெப்பமானியோடு நின்றவர் அதே தன்னார்வலர் அக்கா. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இந்த வாரம், மீதி அடுத்த வாரம். முகக்கவசங்கள், பக்கத்து ஊரில் முக்கோணத் தலையணை தைக்கிற பெண்கள் அதே துணியில் தைத்துக் கொடுத்தவை. ஒரே பாடத்தை இரண்டு முறை எடுக்க வேண்டும். நாளைக்கு இரண்டாம் பாடம், எழுத்துப் பயிற்சித் தாள்களை இன்றிரவே நகலெடுத்து வைக்கவேண்டும்.