கத்தரிக்கோலோடு நின்ற மாமா

கல்லடிக் கடற்கரையில் இன்று காலை மாமா கத்தரிக்கோலோடு குதிரைக்குப் பக்கத்தில் அரை மணிநேரம் சும்மாவே நின்றார்.

பிடரி முழுக்கச் சிக்கு, நாயுருவி முள் வேறு. "ஒட்ட வெட்டிவிடுவமா மருமகன்?"

வெட்டலாம். ஆனால் திரும்ப வளர மாதக்கணக்காகும், பாதி வளர்ந்த காலத்தில் சரியாமல் தும்புத்தடி மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும், அதுவரை கழுத்தில் மொய்க்கிற இலையானை அது எதால் விரட்டும்? வால் அவ்வளவு தூரம் எட்டாதே.

நோர்வேயின் ஃபியோர்ட் குதிரைக்கு வேண்டுமென்றே வெட்டி நிமிர்த்திவிடுவார்கள், நடுவில் கறுப்புக் கோடு தெரியும். அழகுதான். ஆனால் இங்கே மாரி வருகிறது, மழைத்தண்ணீரை வழித்துவிடுவதும் இந்த மயிர்தான்.

சரி என்று தேங்காய் எண்ணெய் போட்டு நுனியிலிருந்து விரலாலேயே சிக்கெடுத்தோம். அது கண் செருகித் தலையைத் தாழ்த்தித் தந்தது.

என் தலையென்றால் சலூன்காரரிடம் ஒரு சொல்லோடு முடிந்திருக்கும். கேட்டுச் சொல்ல வாயில்லாததற்கு நாம் முடிவெடுப்பதுதான் பாரம்.

கத்தரிக்கோல் இன்னும் மாமாவின் சட்டைப்பையில்தான் கிடக்கிறது.