கெமிஸ்ட்ரி வகுப்பில் மாமா

"கெமிஸ்ட்ரி ஸாரைப் பத்தி எழுதுங்க, அவரோட செல்லப் பிள்ளையாச்சே" என்றார் பள்ளியின் பழைய மாணவர் சங்கச் செயலாளர். செல்லப் பிள்ளைதான், ஒரு நாளைத் தவிர.

பம்பாய் கிங்ஸ் சர்க்கிளில் டிராமை விட்டு இறங்கி, பின் கேட் வழியே ஓடிப்போய் பிரேயர் வரிசையில் ஒட்டிக்கொண்டவர்களுக்கு ஸாரைத் தெரியும். அன்று எரிதல் பாடம். பேச்சு துறைமுக வெடிவிபத்துக்குப் போனது. 1944 ஏப்ரல் 14, விக்டோரியா டாக், ஃபோர்ட் ஸ்டிகீன் கப்பல். உள்ளே சுமார் 1,400 டன் வெடிபொருள். கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகளும் கூடவே. 900 டன்னுக்கு மேல் தண்ணீர் இறைத்தும் தீ ஏன் அணையவில்லை? என்னை எழுப்பினார்.

"தெரியாது ஸார். எங்க மாமா அதுலதான் போனார்."

"அப்போ உனக்குத்தான் முதல்ல தெரிஞ்சிருக்கணும். நில்லு!"

வகுப்பு சிரித்தது. சிரித்தவர்களில் சிலர் இன்று இந்தச் சங்கத்தின் ஆயுள் உறுப்பினர்கள். மணி அடிக்கும்வரை நின்றேன்.

மாமா அம்மாவின் தம்பி, தீயணைப்பு வீரர். அவர் போனபோது எனக்கு நாலு வயது. ட்யூட்டி முடிந்து வந்தால் ஈர ரப்பர் வாடை அடிக்கும். தோளில் ஏற்றிக்கொண்டு, நான் காதைத் திருகினால் நாக்காலேயே தீயணைப்பு வண்டி மணி அடிப்பார். கப்பலைக் கைவிட உத்தரவு வந்தது மாலை 3.50க்கு. வெடித்தது 4.06க்கு. செத்த தீயணைப்பு வீரர்கள் 66 பேர். நடுவில் இருந்த அந்த நேரத்தில் தம்பி எங்கே நின்றான் என்று அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஸார் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தில்தான் அமெரிக்கா வந்தேன். ரசாயன ஆலையில் வேலை, அதுவும் தீ விபத்துத் தடுப்பு. இங்கே படித்துத்தான் புரிந்தது. பஞ்சு அடியில், வெடிபொருள் அதற்கு மேல். தண்ணீர் ஏற ஏற, எரிகிற பொதிகள் மிதந்து வெடிபொருள் பக்கம் போயிருக்கின்றன. ஸார் எதிர்பார்த்த பதில் இதுதான். மாமா கூட்டம் இறைத்த தண்ணீர்தான்.

"இத்தனை படிச்சியே, அவ்வளவு தண்ணி ஊத்தியும் ஏண்டா அணையல?" என்று அம்மா கடுதாசி போட்டாள். பனி, சம்பளம், குழந்தைகளின் ஸ்கூல் என்று நாலு பக்கம் எழுதினேன், அதற்கு மட்டும் பதில் எழுதவில்லை. ஏப்ரல் 14 வந்தால் பைகுல்லா தீயணைப்பு ஸ்டேஷன் நினைவிடத்துக்கு, நடக்க முடிந்தவரை, தனியாகவே போய்வந்தாள்.

இப்போது ஸார் பெயரில் லேப் கட்டுகிறார்களாம். பணம் அனுப்பிவிட்டேன், தரவேண்டியதுதான். அவர் இல்லாவிட்டால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். வராமல் இருந்திருந்தால் ஒரு வருஷமாவது அம்மாவோடு பைகுல்லா போயிருப்பேன். திறப்பு விழாவை ஏப்ரலில் வைத்தால் சொல்லுங்கள், டாக்டர் விட்டால் வருகிறேன்.