பின்வரிசையில் மூன்றாவது ஆள்

எங்கள் பள்ளிப் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதும்படி செயலாளர் கேட்டபோது, எங்கள் 84ஆம் ஆண்டு உதைபந்தாட்ட அணியைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். பேனாவை எடுத்த பிறகுதான் பாதிப் பேரின் பெயர் மறந்துபோனது தெரிந்தது. ஆனால் ஜேர்மனியில் என் மகன் 14 வயதில் சேர்ந்த அமெரிக்கன் புட்போல் அணியில் யார் யார் எந்த இலக்கம் என்று நித்திரையில் கேட்டாலும் சொல்வேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

முதல் நாள் அவன் ஹெல்மெற்றும் தோள்கவசமுமாக வந்து நின்றான். "காலால உதைக்கிறதே குறைவு, பிறகு இதென்ன புட்போல் தம்பி?" என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டான். பயிற்றுநருக்கு ஆள் தெரிய வேண்டும் என்று ஹெல்மெற்றின் நெற்றியில் வெள்ளை ரேப் ஒட்டிப் பெயர் எழுதினார்கள். எங்கள் பெயர் அதில் அடங்குமா? முதல் நாலு எழுத்தோடு நின்றது.

அமெரிக்கப் படையினர் கொண்டுவந்த விளையாட்டு இது. 1977இல் பிராங்போர்ட்டில் லோவன் என்ற முதல் கழகம் தொடங்கியது. 1979இல் முதல் இறுதிப் போட்டி. லோவன் அன்ஸ்பாக் கிரிஸ்லிசை 14-8 என்று வென்றது. பெரியவர்களின் ஆட்டம் என்பதால் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. இளையோர் கதை அப்படியல்ல. டுசல்டோர்வ் பந்தர் கழகத்தில் 14 வயதில் தொடங்கிய செபஸ்தியான் வோல்மர், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பேற்றியட்ஸ் அணி வரை போய், அங்கத்தைய பெரிய இறுதிப் போட்டியான சூப்பர் போல் வென்றவர். அவர் பெயர் நிற்கும். அவரோடு பயிற்சிக்கு வந்து, பிறகு தச்சராகவோ கணக்காளராகவோ போன பையன்களை யார் எழுதி வைத்தார்கள்?

மகன் ஆடிய எங்கள் ஊர்க் கழகம் 25ஆம் ஆண்டுக்கு மலர் போட்டபோது, பழைய வீடியோ கசற்றுகளைப் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மூன்று நாலு வருடத்தில் பிள்ளைகள் வளர்ந்து போய்விடுவார்கள். அவர்களோடு பெற்றோரும் போய்விடுவார்கள். யார் வீட்டு நிலவறையில் பெட்டி இருக்கிறதோ, அதுதான் ஆவணக்காப்பகம். ஒரு வீடு மாறும்போது பாதிப் பெட்டி குப்பைக்குப் போயிருந்தது. மிஞ்சியவற்றில் ஒரு அமெரிக்கப் பயிற்றுநர் விட்டுப்போன கசற்றுகள் எங்கள் மெசினில் வெறும் கோடாக ஓடின. அவருடைய ஊர் வீடியோப் பதிவு முறை வேறு. அதற்கென்று ஒரு மெசின் இரவல் வாங்கினேன். ஒரு மணி நேரக் கசற்றைப் பிரதி எடுக்க ஒரு மணி நேரம்தான், குறுக்கு வழி கிடையாது. எத்தனையோ சனிக்கிழமைகள் அப்படிப் போயின.

படம் வந்தது, ஆள் தெரியவில்லை. எல்லா முகமும் ஹெல்மெற் கம்பிக்குப் பின்னால். இலக்கத்தை நம்பலாமென்றால், இந்த வருடம் 54 ஒரு பையன், அடுத்த வருடம் 54 இன்னொருவன். கடைசியில் கைகொடுத்தது, ஒரு தாய் சமையல் குறிப்புக் கோப்புக்குள் வைத்திருந்த போட்டி நாள் பெயர்ப்பட்டியல்கள். காப்பிக் கறையோடு ஒன்பது தாள். அவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு அத்தனை பெயரும் பாடமானது.

எங்கள் பள்ளியில் நிலைமை நேரெதிர். சுவரில் தொங்கிய அணிப் படங்கள் 95ஆம் ஆண்டு யாழ்ப்பாண இடப்பெயர்வோடு போயின. ரொறன்ரோவிலுள்ள நண்பன் ஒருவன் அனுப்பிய 84ஆம் ஆண்டுப் படம் மட்டும் என்னிடம் இருக்கிறது. முகமெல்லாம் கண்ணாடி மாதிரித் தெளிவு, பின்பக்கம் வெறும் வெள்ளை. ஏழு பெயரைப் பென்சிலால் எழுதிவிட்டேன். பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக, ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு நிற்பவர் யார்? தெரிந்தவர்கள் சங்கத்துக்கு ஒரு வரி போடுங்கள்.